மூன்று, மூன்று, இரண்டு

பாட்டு கேட்கும்போது பக்கத்தில் யாராவது முறுக்கு கடித்தால் எனக்குப் பிடிக்காது. அதைத் தவிர என்னைக் கோபக்காரன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல் அணு ஆராய்ச்சியில், உலோகப் பிரிவில் வேலை பார்த்தேன். என் கீழே இருந்தவர்கள் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. கல்பாக்கம் குடியிருப்பில் கோபாலகிருஷ்ணன் என்று விசாரித்தால் பலருக்குத் தெரியாது. மியூசிக் சார் என்று கேட்டால் வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள்.

மேஜை மேல் உங்கள் பெயர் பொன்னி என்று எழுதியிருக்கிறது. நான் மேடம் என்றே கூப்பிடுகிறேன். என் மனைவி ரோகிணியைக் காணவில்லை என்று புகார் கொடுக்க வந்தேன். வீட்டில் சண்டை உண்டா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். குடிப்பழக்கம் உண்டா என்றீர்கள். இல்லை. கை ஓங்கியதுண்டா என்றீர்கள். அதுவும் இல்லை, நான் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "பொம்பள சும்மா வூட்ட வுட்டுப் போவ மாட்டா சார். நல்லா யோசிச்சு சொல்லுங்க" என்றீர்கள்.

யோசித்தேன். முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னால் உங்களுக்கே விளங்கும். இதில் ஒரு சங்கீதம் சம்பந்தப்பட்டிருக்கிறது. நீங்கள் அதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தொண்ணூற்று நாலில் என்னைப் பயிற்சிக்காக பாரிஸுக்கு அனுப்பினார்கள். ஒரு சனிக்கிழமை மழைக்கு ஒதுங்கி ஓர் இசைத்தட்டுக் கடைக்குள் போனேன். உள்ளே ஒரு தட்டு ஓடிக்கொண்டிருந்தது. வயலின், பியானோ, எலக்ட்ரிக் கிதார், ஆள் உயரத்துக்கு நிற்கும் பாஸ் வாத்தியம், இவற்றுக்கு நடுவில் ஆர்மோனியத்துக்கு தூரத்துச் சொந்தம் போல ஒரு குரல். இது என்ன என்று கடைக்காரரிடம் கேட்டேன். டாங்கோ என்றார். நான் நம்பவில்லை. டாங்கோ என்றால் ஆணும் பெண்ணும் கட்டிக்கொண்டு ஆடுவது என்றுதான் எனக்குத் தெரியும். இந்தப் பாட்டுக்கு யாரும் ஆட முடியாது. கால் பின்னிக்கொள்ளும்.

பிறகு தேடித் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். புவனோஸ் ஐரிஸில் பிறந்த டாங்கோவை அந்த ஊர்க்காரர்களே சிலர் நாட்டியக் கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்து, உட்கார்ந்து கேட்கிற சங்கீதமாக மாற்றியிருக்கிறார்கள். மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதத்தில் ஒரு குரல் சொன்னதையே இன்னொரு குரல் துரத்திக்கொண்டு வரும், மூன்றாவது வந்து இரண்டையும் துரத்தும். அந்த முறையை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சுரம் எது என்று கடைசிவரை தீர்மானிக்காமல் இறங்குகிற தைரியத்தை ஜாஸிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆர்மோனியக் குரலுக்குப் பெயர் பண்டோனியான். மடியில் வைத்து இரண்டு கையாலும் இழுத்து வாசிப்பது. துருத்தி மூச்சு வாங்குவதுகூட தட்டில் கேட்கும். சொந்த ஊரிலேயே பழைய ஆட்கள் இதைத் திட்டினார்களாம். அதைப் படித்த பிறகு எனக்கு இன்னும் பிடித்துப் போயிற்று.

நம்முடைய ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. அதே எட்டை இவர்கள் நாலு நாலாக வைக்காமல் மூன்று, மூன்று, இரண்டு என்று உடைப்பார்கள். இந்த மேஜையிலேயே தட்டிக் காட்டுகிறேன். ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு. அந்தக் கடைசி இரண்டில் கால் தடுக்கினது போல இருக்கிறதல்லவா. விழ மாட்டோம். ஆனால் விழப்போகிறோம் என்று உடம்புக்குத் தோன்றும். நான் அந்தக் கடையில் நின்று அதைக் கேட்டபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அதுவரை நான் கேட்டதெல்லாம் எனக்கு முன்னால் யாரோ கேட்டுத் தீர்த்தது. இது எனக்கென்று வந்தது என்று நினைத்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு குடியிருப்பில் இசை ரசனை வட்டம் ஒன்று ஆரம்பித்தேன். சனிக்கிழமை சாயந்திரம் பதினைந்து பேர் வருவார்கள். கர்நாடக சங்கீதக்காரர்கள்தான் அதிகம். முதலில் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு இடமாக நிறுத்தி, இங்கே வயலின் வில்லைக் குதிரைக்குப் பின்னால் கொண்டுபோய் உரசுகிறது, தந்திகளைத் தாங்குகிற அந்தக் கட்டைக்குப் பின்னால் சுரமே கிடையாது, வெறும் சத்தம்தான், அந்தச் சத்தத்தை வேண்டுமென்றே தாளமாக்குகிறார்கள் என்று விளக்குவேன். ஒரு வருஷத்தில் அவர்களே மூன்று, மூன்று, இரண்டு என்று தொடையில் தட்ட ஆரம்பித்தார்கள். கேட்கக் கற்றுக்கொடுப்பதும் ஒரு கலைதான் மேடம். அதை யாரும் மேடையில் ஏற்றுவதில்லை.

எனக்கு எதையும் வாசிக்கத் தெரியாது. பத்து வயதில் ஒரு வாத்தியாரிடம் வயலினுக்குப் போனேன். இந்த விரலுக்கு இது வராது என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு வருத்தம் இல்லை. விரல் இல்லாதவனுக்குக் காது இருக்கும்.

ரோகிணிக்கு விரல் இருந்தது. கல்யாணத்துக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கம் கோயில் கச்சேரிகளில் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு வாசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. மத்தியானங்களில் வாசிப்பாள். நான் அலுவலகத்திலிருந்து வரும்போது வயலின் பெட்டிக்குள் இருக்கும்.

இனி ஜோஷ்வாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவளத்துக்காரன். குடும்பம் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. இவன் பியானோவில் எல்லாப் பரீட்சையும் எழுதித் தேறியவன், மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலில் சாயந்திரங்களில், பண்டோனியானைப் போலவே துருத்தி உள்ள அக்கார்டியன் வாசிப்பான். தொண்ணூற்றெட்டில் எங்கள் விருந்தாளி ஒருவரை அங்கே சாப்பிடக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ரோகிணியும் வந்திருந்தாள். அவன் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தான். நான் கூப்பிட்டு, உன் கருவிக்குத் தகுந்த சங்கீதம் வேறு இருக்கிறது என்று சொல்லி, அடுத்த வாரம் ஒரு கேசட் பதிவு செய்து கொடுத்தேன். ஆமாம், நான்தான் கொடுத்தேன். அதை நான் என்றும் மறைத்ததில்லை.

அவன் ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான். கேட்டுவிட்டு வந்து பேசுவான் என்று நினைத்தேன். பேசவில்லை. உட்கார்ந்து வாசித்தான். தப்புகள் இருந்தன; சொன்னேன். தலையாட்டிக்கொண்டான். பிறகு வயலின் இல்லாமல் இது நிற்காது என்றான். சமையலறை வாசலில் நின்றிருந்த ரோகிணி உள்ளே போய் வயலினை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அவளாக எடுத்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் வீட்டில் நாலு வருஷமாக தினமும் ஓடிக்கொண்டிருந்த சங்கீதம். அவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். கேட்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவள் அந்தக் குதிரைக்குப் பின்னால் உரசுகிற இடத்தை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், அப்படியே உரசினாள். ஜோஷ்வா வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். நான் வில்லின் கோணம் தப்பு என்றேன். தப்புதான்.

பாஸ் கிதாருக்கு சாலமோன் என்று ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எங்கள் கூடத்தில் ஒத்திகை. நான் நாற்காலியில் உட்கார்ந்து பதிவோடு ஒப்பிட்டுக் கேட்பேன். விலகுகிற இடங்களைச் சொல்வேன். ரோகிணிக்கு ஒரு பழக்கம். நீண்ட சுரம் வந்தால் அதை லேசாக அசைப்பாள். நம் ஊர் கமகம். டாங்கோவில் சுரம் கத்தி போல நிற்க வேண்டும். பல தடவை சொன்னேன். ஒருநாள் ஜோஷ்வா அக்கார்டியனை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான்:

"ரெக்கார்டுல கீற மாரியே வாசிக்கணும்னா ரெக்கார்டையே போட்டுக்கலாமே சார். அக்கா வாசிக்கிறது வேற மாரி கீது. அது நல்லா கீது."

நான் எல்லோருக்கும் காபி கொடுத்தேன். சாலமோன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரோகிணி வில்லுக்கு ரோசனப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

இரண்டாயிரத்தில் டிசம்பர் சீசனுக்கு அந்த ஹோட்டல் புல்வெளியில் கச்சேரி வைத்தார்கள். வெள்ளைக்காரர்கள், சென்னையிலிருந்து காரில் வந்தவர்கள் என்று இருநூறு பேர் இருக்கும். வயலினைச் சுமந்துகொண்டு போனது நான். அவளுக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்ததும் நான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மெதுவான ஒரு பகுதி உண்டு. அக்கார்டியன் வழிவிட்டு நிற்கும், வயலின் தனியாக மேலே ஏறும். அங்கே அவள் அசைத்தாள். எனக்கு முன்பே தெரியும், அசைக்கப் போகிறாள் என்று. என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ரோகிணியைப் பார்த்தேன். கண் மூடியிருந்தாள். பத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. எனக்குக் காட்டாமல் அதை எங்கே வைத்திருந்தாள் என்று யோசித்துக்கொண்டிருந்ததில், அடுத்த பகுதியை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

கடைசியில் ஜோஷ்வா மைக்கில் நன்றி சொன்னான். ஹோட்டல்காரர்களுக்கு, ஒலிபெருக்கிக்காரருக்கு, பிறகு "எங்களுக்குக் கேசட் கொடுத்த சாருக்கு." பெயர் சொல்லவில்லை. எழுந்து நிற்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் கைதட்டல் முடிந்துவிட்டது.

ஜனவரியில் சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்கள் வாசித்ததைத் தட்டாகப் போட ஏற்பாடாயிற்று. கச்சேரிக்கு வந்திருந்த ஒருவர் செய்த ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது நான் ரோகிணியிடம் நல்லவிதமாகச் சொன்னேன். கச்சேரி காற்றோடு போய்விடும், பதிவு அப்படி இல்லை, நிரந்தரம். அந்த மெதுவான பகுதியில் மட்டும் கமகம் வேண்டாம் என்றேன். அவள் எனக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோபமாகப் பேசவில்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

"நீங்க கேக்கறதே இல்ல. சரி பாக்கறீங்க. இத்தன வருஷத்துல ஒரு தடவகூட நீங்க எதையும் கேட்டு நான் பாத்ததில்ல."

நான் மோர்ச்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தேன். நன்றாகத் தூங்கினேன். இதையும் சொல்லிவிடுகிறேன், மனம் குழம்பி ஏதோ செய்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

காலையில் கிளம்பினோம். எங்களிடம் பழைய மாருதி. அவள் ஏறி உட்கார்ந்ததும் அவள் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து நான்தான் சாத்துவேன். கல்யாணமான நாளிலிருந்து எந்த வண்டியானாலும் அப்படித்தான். குடியிருப்பில் மற்றப் பெண்கள் அதைச் சொல்லித் தங்கள் கணவர்களைக் குத்திக்காட்டுவார்கள். அன்றைக்கு வயலினைப் பின் இருக்கையில் வைத்திருந்தாள். ஏறி உட்கார்ந்ததும் உடம்பைத் திருப்பி வலதுகையால் பெட்டியை நகர்த்தி வைப்பாள். அப்போது பிடிமானத்துக்கு இடதுகையை முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் இருக்கிற தூணில் வைத்துக்கொள்வாள். வயலினோடு எங்கே கிளம்பினாலும் அப்படித்தான் வைப்பாள். சில வாரங்களாக அதை நான் கவனித்திருந்தேன். கவனிப்பது என் சுபாவம்.

கதவைச் சாத்தினேன். மாருதிக் கதவு முதல் தடவை சரியாகப் பிடிக்காது, எல்லோருக்கும் தெரியும். திறந்து மறுபடியும் அழுத்திச் சாத்த வேண்டும். சாத்தினேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். துண்டால் கையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. வண்டியில் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை. அவளும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட வந்த நர்ஸ் ஜோஷ்வாவின் மனைவி ரெஜினா. அவள் அங்கே வேலை செய்வது எனக்கு மறந்துவிட்டிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தவள் தலை நிமிராமல், "இன்னா சார் இது. ஒரு தடவ பட்ட மாரி இல்லியே. ரெண்டு கோடு கீது" என்றாள். கார் பழசு என்றேன். ரெஜினா ரோகிணியைப் பார்த்தாள். ரோகிணி ஜன்னலைப் பார்த்தாள். டாக்டர் வந்து கேட்டபோது ரோகிணி, "கார்க் கதவு" என்று மட்டும் சொன்னாள். அது பொய்யும் இல்லை.

இரண்டு ஆபரேஷன் நடந்தது. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் மடங்காமலே நின்றுவிட்டன. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் தப்பின. தட்டு போடுவது நின்றுபோயிற்று. ஜோஷ்வா ஒரு தடவை வீட்டுக்கு வந்தான். அவளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்த்துக்கொண்டது போல வேறு யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். காய்கறி நறுக்கினேன். தலை பின்னிவிட்டேன், முதலில் வராமல், பிறகு நன்றாகவே வந்தது. வயலின் தந்திகளைத் தளர்த்திக் கண்ணாடி அலமாரியில் வைத்தேன். முறுக்கிய நிலையில் விட்டால் அதன் உடம்பு வளைந்துவிடும். இப்படி ஒரு புருஷனா என்று குடியிருப்பே பேசிற்று. சாயந்திரம் ஆறு மணிக்கு ஏதாவது ஒரு தட்டைப் போடுவேன். முன்பெல்லாம் பக்கத்து அறையில் இருப்பவள் இப்போது என் எதிரிலேயே உட்கார்ந்தாள். அசையாமல் உட்கார்ந்திருப்பாள். கடைசியில் கேட்கக் கற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். அந்த வருஷங்களில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். எங்களுக்குள் ஒரு வார்த்தை தடித்ததில்லை.

கொஞ்ச காலம் கழித்து, கோவளம் மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போகலாமா என்று கேட்டாள். போய் வா என்றேன். நான் அலுவலகம் போனதும் பஸ் ஏறிப் போய்விட்டு மூன்று மணிக்குள் வந்துவிடுவாள். ஒருநாளும் சமையலில் குறை வைத்ததில்லை.

இந்த வருஷம் நான் ஓய்வு பெற்றேன். போன சனிக்கிழமை ரசனை வட்டத்தில் எனக்காக ஒரு கூட்டம் வைத்தார்கள். எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. யார் வாசித்தது என்று சொல்லாமல் ஒரு தட்டைப் போடுவார்கள். கேட்டுவிட்டு நான் பேச வேண்டும். அன்றைக்கு ராகவன் தட்டு கொண்டுவந்திருந்தார். என்னோடு வேலை பார்த்தவர், நாவலூரில் இருக்கிற மகன் வாங்கிக் கொடுத்தான் என்றார். ரோகிணி வழக்கம்போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மேடம், அதை உங்களுக்கு எப்படிச் சொல்வது. அக்கார்டியன் தனியாக மூன்று, மூன்று, இரண்டு என்று ஆரம்பித்தது. ஆனால் அந்த இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் மூச்சு. ஒவ்வொரு சுற்றிலும் நான் அந்த இரண்டுக்காகக் காத்திருந்தேன், ஒவ்வொரு சுற்றிலும் அது வரவில்லை. பியானோ அதே சொற்களைத் தாழ்ந்த குரலில் துரத்திக்கொண்டு வந்தது. பாஸ் ஜாஸ்காரர்களைப் போலத் தன் இஷ்டத்துக்கு நடந்து போய், திரும்பி வந்து சேர்ந்துகொண்டது. வெகுநேரம் கழித்து வயலின் வந்தது. ஒரே ஒரு நீண்ட சுரம். அது அசைந்தது. ஒரு நூல் அளவுக்கு அசைந்தது. அசையாமல் இருந்திருந்தால் அது தப்பு என்று எனக்குத் தெரிந்தது. என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

முடிந்த பிறகு அரை மணி பேசினேன். அந்த ஊர்க்காரர்கள் வாசித்ததில்கூட இப்படி ஒன்று நான் கேட்டதில்லை என்றேன். டாங்கோ, மேற்கத்திய சாஸ்திரியம், ஜாஸ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்ட வைக்கவில்லை, மூன்றும் தேவைப்படுகிற ஒரு துக்கத்திலிருந்து இது பிறந்திருக்கிறது என்றேன். இதை எழுதியவர் யாரோ, நான் கேட்பதையெல்லாம் அவரும் கேட்டிருக்கிறார் என்றேன். ராகவன் சிரித்துக்கொண்டே உறையைப் பிரித்துப் படித்தார். அக்கார்டியன், பியானோ, ஜோஷ்வா. பாஸ், சாலமோன். வயலின், சஹானா, அது யாரோ சின்னப் பெண், ரோகிணியிடம் கற்றுக்கொண்டவளாம். இசையமைப்பு, ரோகிணி.

எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். ராகவன் உட்பட அத்தனை பேருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு ஆச்சரியம் கொடுக்க நினைத்தார்களாம். ரோகிணி எழுந்து முன்னால் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

"இன்னிக்குக் கேட்டீங்க" என்றாள்.

அதற்கு எல்லோரும் இன்னொரு தடவை கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து எப்போது எழுதினாய் என்று கேட்டேன். கோவளத்துக்குப் போன நாட்களில் என்றாள். அவள் பாடுவாளாம், ஒரு விரலால் பியானோவில் தட்டிக் காட்டுவாளாம், ஜோஷ்வா எழுதிக்கொள்வானாம். பல வருஷ வேலை. அப்போதுதான் எனக்கு எல்லாம் தெளிவாயிற்று. இந்தப் பெண் ஹோட்டல் புல்வெளியில் அடுத்தவர் எழுதியதை வாசித்துக்கொண்டு, வயதாகி, முடிந்து போயிருப்பாள். கையிலிருந்து எடுத்ததால்தான் அது காதுக்குள் போயிற்று. நான் போன வழி அதுதானே. ஆகவே அதைச் சொன்னேன். அந்தக் காலை பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

"நான் மட்டும் அன்னைக்கு அதைச் செய்யாம இருந்திருந்தா, நீ இதை எழுதியிருப்பியா?"

அவள் எழுந்து, கண்ணாடி அலமாரியைத் திறந்து வயலினை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். காலையில் நான் பால் வாங்கப் போய்விட்டு வந்தேன். அவள் இல்லை. கோவளத்துக்குப் போய் ஜோஷ்வா வீட்டில் கேட்டேன். ரெஜினா கதவைப் பாதி திறந்து, "அக்கா இங்க இல்ல. இருந்தாலும் சொல்ல மாட்டேன் சார்" என்றாள். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

நடுவில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் மேலே போய்விட்டேன். இரண்டாம் தடவை சாத்தும்போது கை அங்கேயே இருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். முதல் தடவை அகப்பட்டது கடைசி இரண்டு விரல்கள்தான். அவள் "திறங்க" என்றாள். திறந்தேன். அதிர்ச்சியில் அவளால் கையை எடுக்க முடியவில்லை. விரித்தபடி அங்கேயே வைத்திருந்தாள். இரண்டு விரல் முடங்கியும் பெரிய வாத்தியக்காரர்களாக இருந்தவர்கள் உண்டு, நான் படித்திருக்கிறேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நானும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சாத்தினேன். என்னுடைய முழு பலத்தையும் போட்டேன்.

இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மறுக்க மாட்டேன். ஆனால் புருஷன் கையை நசுக்கினான் என்பதோடு நிறுத்தினால் அது பாதி உண்மைதான். தட்டு என் பையில் இருக்கிறது. ஒருமுறை முழுவதும் கேட்டுவிட்டு எழுதுங்கள். பிறகு அவளைத் தேடிக் கண்டுபிடித்து இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் இல்லாமல் அந்தச் சங்கீதம் இல்லை என்று உங்கள் முன்னால் அவள் ஒரு தடவை சொல்லட்டும். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.